இரண்டு பள்ளித் தாம்பூலம்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பலகைச் சுவர் வழியாக என்னிடம் வந்தது. நான் ஒட்டுக்கேட்கவில்லை. சுவரில் ஓட்டை இருந்தது, பக்கத்தில் என் காதும் இருந்தது.

1926, மலாயாவின் ஈப்போ நகரம். பந்தாட்டத்தில் ஊரை இரண்டாக்கிய பள்ளிகள் இரண்டு: மேட்டுப் பள்ளி, கடைத்தெருப் பள்ளி. (பெயர்கள் நான் வைத்தவை. உண்மைப் பெயரைப் போட்டால் ஏதாவது ஒரு கூட்டம் என் கூரையில் கல்லெறியும்.) ஆடுவது பையன்கள், அடித்துக்கொள்வது ஊர். எந்தப் பள்ளிக்கு ஆள் சேருகிறது, எந்தப் பக்கத்துக் கூச்சல் பெரிது, இதுதான் எப்போதும் பேச்சு.

2

'மாயாண்டி ஒரு மாட்டுவண்டிக்காரன். அவன் குரல் கிந்தா ஆற்றைத் தாண்டி…'

வேண்டாம். குரலிலிருந்து தொடங்கினால் ஆளை மறந்துவிடுவீர்கள். ஊரும் அப்படித்தான் மறந்தது.

மறுபடி: பத்து காஜா ஊருக்குப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில், விடியுமுன் பெரட்டுக்கு* ஆள் கூப்பிட்டவன் மாயாண்டி. தூக்கத்தைக் கெடுப்பவனோடு யார் பேசுவார்கள்? இப்போது ஈப்போவில் என் பக்கத்து அறையில் குடியிருந்து வண்டி ஓட்டுகிறான். பெண்டாட்டி, பிள்ளை கிடையாது. மாடுகளோடு பேசுவான். அவற்றுக்கு நல்ல சுபாவம், குறுக்கே பேசுவதில்லை.

(* பெரட்டு: வேலைக்குமுன் ஆட்களை நிறுத்தி எண்ணுவது. வராதவனுக்கு அன்று கூலி இல்லை.)

3

மாசி மாதம் ஒருநாள் அவன் கதவு தட்டப்பட்டது. மேட்டுப் பள்ளிக் கோஷ்டியின் தலைவன், ரயில்வே கிராணி (குமாஸ்தா) சீனி, தாம்பூலத் தட்டோடு நின்றான்.

"அண்ணே, உங்க தொண்டை நம்ம பக்கம் இருக்கணும். வெத்தலை எடுத்துக்குங்க."

எடுத்தால் வாக்குக் கொடுத்ததாக ஆயிற்று. கல்யாணமே அப்படித்தான் நிச்சயமாகிறது. தெரிந்தும் எடுத்தான். அதுவரை அவனிடம் யாரும் தட்டு நீட்டியதில்லை.

மறுநாள் கடைத்தெருப் பள்ளிக்காகத் துணிக்கடை ரஹீம் வந்தார். அவர் தட்டிலும் எடுத்தான்.

(இங்கே எனக்கே அவன்மேல் சந்தேகம். பேராசைக்காரனோ? ஆனால் அந்த வெற்றிலையை அவன் போடவே இல்லை. ஈரத்துணியில் சுற்றி வைத்திருந்தான். ஓட்டை கொஞ்சம் பெரிதுதான்.)

பிறகு இருவரும் மாற்றி மாற்றி மாலையில் வந்தார்கள், உட்கார்ந்து ஆட்டம் பேசினார்கள். மாயாண்டி சிரித்ததை முதலில் நான் இருமல் என்று நினைத்துவிட்டேன்.

4

சனிக்கிழமை ஆட்டம். வெள்ளி மாலை இருவரும் ஒரே நேரத்தில் வந்துவிட்டார்கள்.

"ரெண்டு தட்டுலயும் எடுத்திருக்கீங்களே, அண்ணே!" என்றான் சீனி.

"நாளைக்குப் பாடாங் திடல்ல தொண்டையைப் பாதியா அறுத்துக் குடுப்பியா, மச்சான்?" என்றார் ரஹீம்.

"உட்காருங்க. காப்பி ஆறுது."

"யார் பக்கம்? அதைச் சொல்லு லா." (லா: மலாய்ப் பேச்சின் ஒட்டு, நம் 'அப்பா' மாதிரி.)

"சொல்லிட்டா ஒருத்தர் வரமாட்டீங்க, பாய். ஆட்டம் முடிஞ்சா ரெண்டு பேரும் வரமாட்டீங்க."

ரஹீம் நல்ல மனுஷர். மனசில் ஒன்றுமில்லாமல்தான் கேட்டார்: "ஆட்டம் முடிஞ்சப்புறம் எதுக்கு லா வரணும்?"

காப்பியைத் தொடாமல் போனார்கள். தெருமுனை வரை தங்களுக்குள் சண்டை போட்டுக்கொண்டே.

5

முடிவு அ: மேட்டுப் பள்ளிப் பக்கம் நின்று கத்துகிறான். ஜெயிக்கிறார்கள். பந்தடித்த பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இவனைத் திரும்பிப் பார்க்க ஆளில்லை.

முடிவு ஆ: கடைத்தெருப் பள்ளிப் பக்கம். மற்றதெல்லாம் மேற்படி.

முடிவு இ: நடுவில் நின்று, வாயைத் திறக்காமல்…

(இந்த முடிவை அடித்துவிட்டேன். அவ்வளவு பெரிய தொண்டையை ஊமையாக்க எனக்கு மனம் வரவில்லை.)

ஆகவே சனிக்கிழமையை உங்களிடம் விடுகிறேன். எந்தப் பள்ளியை வேண்டுமானாலும் ஜெயிக்க வையுங்கள், நான் சண்டைக்கு வரமாட்டேன். ஞாயிறு மாலைக்கு மட்டும் யாரையாவது அவன் கதவைத் தட்ட அனுப்பிவையுங்கள்.