பிஸ்கட் டப்பாவில் அதிர்ந்த கைபேசி

திலிம்சான் நகரத்தில், வேலைக்குப் போகிறவர்களுக்கான ஆங்கில மாலை வகுப்பில் வஸீலாவுக்கு ஒரு பொறுப்பு உண்டு. எல்லோருடைய கைபேசிகளையும் வாங்கி, பிஸ்கட் டப்பாவில் போட்டு மூட வேண்டும். எதையும் ஒழுங்காகச் செய்பவள் என்று ஆங்கில ஆசிரியை ஹூரியா கொடுத்த வேலை.

அன்றைய பாடம் நடக்காதவை பற்றியது. இப்படி இருந்திருந்தால் அப்படி ஆகியிருக்கும் என்று ஆங்கிலத்தில் பத்து வாக்கியங்கள் எழுதிவரச் சொல்லியிருந்தார்.

"நான் அழகா இருந்திருந்தா எப்பவோ கல்யாணம் ஆயிருக்கும்," என்றார் முன்பெஞ்சில் இருந்த பேருந்து ஓட்டுநர் புவாலம்.

"வாய மூடிட்டு இருந்திருந்தாலே ஆயிருக்கும்ணே," என்றாள் பின்பெஞ்சு நஜ்லா.

வஸீலாவுக்குச் சிரிப்பு வரவில்லை. மழை, ரயில் என்று ஒன்பது எழுதியவளுக்குப் பத்தாவது தானாக வந்திருந்தது: நான் அந்தக் கைபேசியை அணைக்காமல் இருந்திருந்தால், லொக்மான் தன் தந்தையை உயிரோடு பார்த்திருப்பான்.

நாற்பது நாளுக்கு முன் வகுப்பு நடக்கும்போது, பக்கத்து இருக்கை லொக்மானின் கைபேசி டப்பாவுக்குள் விடாமல் அதிர்ந்தது. திரையில் 'அம்மா'. பாடம் கெடுகிறதே என்று அணைத்துவிட்டாள். அவன் வீடு போய்ச் சேர்வதற்குள் தந்தை இறந்திருந்தார். மறுநாள் துக்க வீட்டில் சொல்லிவிடத்தான் போனாள். அங்கே யாராவது 'இப்படிச் செய்திருந்தால்' என்று வாயெடுத்தாலே பெரியவர்கள் தடுத்தார்கள். அந்தப் பேச்சு ஷைத்தானுக்குக் கதவு திறக்குமாம். அந்தத் தடைக்குப் பின்னால் வசதியாக ஒளிந்துகொண்டாள். ஆங்கிலத்தில் தடுக்க ஆளில்லை.

"நோட்ட பக்கத்துல இருக்கறவங்ககிட்ட குடுங்க. அவங்க திருத்தட்டும்," என்றார் ஆசிரியை.

பக்கத்தில் லொக்மான். அன்றுதான் வகுப்புக்குத் திரும்பியிருந்தான். அவள் தயங்குவதற்குள் நோட்டு அவன் கைக்குப் போய்விட்டது.

பத்தாவது வாக்கியத்தில் அவன் பேனா நின்றது. வஸீலாவின் காது மடல்கள் எரிந்தன. மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

வகுப்பு முடிந்து மற்றவர்கள் போன பிறகு, அவன் கைபேசியைக் கடைசியாக எடுத்துக் கொடுத்தாள்.

"அன்னிக்கு பேட்டரி தீந்துபோச்சுன்னுதான் நெனச்சேன்," என்றான் தாழ்ந்த குரலில். "அம்மாகிட்டயும் அப்படித்தான் சொன்னேன். நம்பல. எங்க வீட்ல 'இருந்திருந்தா, வந்திருந்தா'ன்னு பேசமாட்டாங்க. 'ஏன்டா அணைச்ச'ன்னு மட்டும் தினமும் கேக்கறாங்க."

இது அவளுக்குத் தெரியாது. தன் மௌனத்தின் பாரத்தை இத்தனை நாள் அவன் சுமந்திருக்கிறான்.

"நான்தான் அணைச்சேன், லொக்மான். அம்மான்னு பேரப் பாத்துட்டேதான் அணைச்சேன்."

அவன் நோட்டை நீட்டினான். எதையும் திருத்தியிருக்கவில்லை.

"இத என்கிட்ட சொல்லி என்ன செய்ய? அம்மாகிட்ட வந்து சொல்லு. நம்ம மொழில சொல்லு."

அவன் நடந்தான். வஸீலா டப்பாவை மூடி வைத்துவிட்டு, நாலடி பின்னால், தலை நிமிராமல் அவன் வீட்டுக்குப் போனாள்.