கர்னலுக்குள் ஒரு பஸ்ஸர்

பதினெட்டு முறை பிளக்கைப் பிடுங்கிச் செருகியபோதும் பெட்டி ஒழுங்காகத்தான் கத்தியது. பத்தொன்பதாவது முறை திரையில் எண்கள் வந்தன, சத்தம் வரவில்லை.

அண்ணி பிளக்கில் வைத்த கையை எடுக்கவில்லை. பட்டறையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான். நோயாளியின் மூச்சு குறைந்தால் கத்த வேண்டிய மானிட்டர் அது. இதைப் போலப் பன்னிரண்டு, நாளை மறுநாள் மருத்துவமனைக்குப் போக வேண்டும். அங்கே ஐந்தாம் கட்டிலில் அவள் கணவன், பாதி நுரையீரலோடு கிடக்கிறான்.

தவறு அவளுடையது. சத்தம் எழுப்பும் பஸ்ஸரை இயக்கும் டிரைவர் நிரலை, பெட்டியின் மைய நிரலான கர்னலுக்கு வெளியே, பிறகு வந்து ஏறும் தனி மாட்யூலாக வைத்திருந்தாள். ஒவ்வொரு கொள்முதலிலும் பஸ்ஸர் வேறு வேறு கம்பெனியில் வரும். மாட்யூலை மட்டும் மாற்றினால் போதும், கர்னலைத் தொட வேண்டாம் என்று கணக்குப் போட்டாள். ஆனால் பெட்டி எழுகிற அவசரத்தில், மாட்யூல் ஏறுமுன்பே எப்போதாவது அலாரம் நிரல் முந்திக்கொள்ளும். பஸ்ஸரைத் தேடும். கிடைக்காவிட்டால், வாயை மூடிக்கொண்டு வேலையைப் பார்க்கும்.

“டிரைவரைக் கர்னலுக்குள்ளயே கட்டிடலாம் தம்பி,” என்றாள் சோதனை பார்க்கும் கொழுந்தனிடம். “பஸ்ஸர் பதில் சொல்லலைன்னா பெட்டி எழுந்திருக்கவே கூடாது.”

“ஒரு ஒயர் கழண்டா முழுப் பெட்டியும் படுத்துக்கும். மணி அடிக்கலைன்னு மாட்டையே வெட்டுவீங்களா? நிரலைக் கொஞ்சம் காத்திருக்கச் சொல்லுங்க, போதும்.”

“காத்திருந்தும் வரலைன்னா?”

“திரையாவது தெரியும்ல. அண்ணன் கட்டில்லயும் இதுதான் நிக்கப்போகுது அண்ணி.”

“திரையைப் பாக்க யாரு உக்காந்திருக்கா? பன்னெண்டு கட்டிலுக்கு ஒரு நர்ஸ். சத்தம் இல்லைன்னா எல்லாரும் நல்லா இருக்காங்கன்னுதான் அந்தப் பொண்ணு நினைக்கும்.”

டிரைவரை உள்ளே சேர்க்க, கர்னலின் அமைப்புக் கோப்பில் மாற வேண்டியது ஒரே ஓர் எழுத்து. அதை மாற்ற அவளுக்கு வெகுநேரம் பிடித்தது; பஸ்ஸர் பதில் தராவிட்டால் பெட்டியை நிறுத்தும் வரியையும் சேர்த்தாள். புதிய கர்னலை ஏற்றியபின் கொழுந்தன் இருநூறு முறை பிளக்கைப் பிடுங்கினான், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே.

பெட்டிகள் போய் ஒன்பதாம் நாள், மத்தியானம், நர்ஸ் போனில் அழைத்தாள்.

“மேடம், கரண்டு போய் வந்துச்சு. ஒரு மானிட்டர் மட்டும் எழுந்திருக்கல.”

“எந்தக் கட்டில்?”

“அஞ்சு.”

“நீ எங்கம்மா இருக்கே?”

“அவர் பக்கத்துலதான். திரை இருட்டா கிடந்துச்சு, அதான் ஓடி வந்தேன். மூச்சு ரொம்பக் குறைஞ்சிருந்துச்சு. ஆக்சிஜனைக் கூட்டி, வேற மிஷின் மாட்டிட்டேன். இப்ப பேசுறாரு. பெட்டி செஞ்ச லட்சணத்தைப் பாருன்னு உங்களைத் திட்டுறாரு.”

“திட்டட்டும்,” என்றாள். “பஸ்ஸர்தான் பதில் சொல்லியிருக்காது, அந்தப் பெட்டியை யாரும் திறக்க வேண்டாம். அப்படியே எனக்கு அனுப்பிடு.”