கலெக்டரம்மாவுக்கு இரண்டு பூசை

ஒருவரைக் கலெக்டராக்க டெல்லிக்காரர்களுக்கு மூன்று கட்டப் பரீட்சை வேண்டியிருக்கிறது. வில்லியனூருக்கு மேற்கே, மாதா கோயில் மணி கேட்டு எழுந்து கோயில் மணி கேட்டுப் படுக்கிற அந்தச் சின்ன ஊருக்கு ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பூசை போதுமானதாக இருந்தது.

எண்பத்து மூன்றாம் வருஷம், ஆவணி மாசம். ஆரோக்கிய செல்வி பெண்கள் பக்கத்தில் முந்தானையால் தலையை மூடிக்கொண்டு அரைத்தூக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். அன்றைய பூசை யாருடைய கருத்துக்காக ஒப்புக்கொடுக்கப்படுகிறது என்று சாமியார் முதலில் படிப்பது வழக்கம். காய்ச்சல் கண்ட பிள்ளைக்காக, காணாமல் போன மாட்டுக்காக, செத்துப்போன மாமியாருக்காக என்று யாராவது எழுதிக் கொடுத்திருப்பார்கள். அன்றைக்குச் சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு படித்தார்: "கலெக்டர் பரீட்சையில் தேறிய ஆரோக்கிய செல்விக்காக ஆண்டவருக்கு நன்றியாக, தகப்பனார் இன்னாசி." செல்விக்குத் தூக்கம் போன இடம் தெரியவில்லை.

தேறியது முதல் கட்டம். வாசல் கேட்டைத் திறந்துவிட்ட மாதிரி, அவ்வளவுதான். அதில் வாங்கிய மார்க் எதற்கும் உதவாது. கார்த்திகையில் மெட்ராஸில் பெரிய பரீட்சை எழுத வேண்டும். அதில் தேறினால் டெல்லியில் நேர்காணல். மூன்று முறைதான் எழுத விடுவார்கள். முதல் இரண்டு முறையும் கேட்டோடு திரும்பியவளுக்கு இதுதான் மூன்றாவது. இது போனால் அவள் வாழ்க்கையில் கலெக்டர் என்ற பேச்சே கிடையாது. இதை இன்னாசிக்கு அவள் எத்தனையோ தடவை சொல்லியிருந்தாள். அவரும் எத்தனையோ தடவை தலையாட்டியிருந்தார்.

பூசை முடிந்து வெளியே வந்ததும் சூழ்ந்துகொண்டார்கள். "இன்னும் ஒண்ணும் ஆவல, பெரிய பரீட்சை பாக்கி இருக்குது" என்று செல்வி சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. சிலர் அதை அடக்கம் என்று மெச்சினார்கள். "பூசையிலயே படிச்சிட்டாங்க, அப்பறம் இன்னா?" என்றாள் பக்கத்துத் தெரு அந்தோணி மேரி. பீடத்திலிருந்து வந்த வார்த்தை பொய்யாகாது என்பது அவள் கட்சி. ஊரே அவள் கட்சியில்தான் இருந்தது.

மறுநாள் காலையிலேயே சொல்தா யாகப்பன் வந்து நின்றார். சைகோனில் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, இருந்துவிட்டு வந்தவர். சொல்தா பென்ஷனில் காலம் தள்ளுகிறவர். ஒவ்வொரு வருஷமும் தான் உயிரோடு இருப்பதாக ஒரு சான்றிதழ் வாங்கி அனுப்பினால்தான் பிரான்சிலிருந்து பென்ஷன் வரும். இந்த வருஷம் அதற்காக அலைந்து அலைந்து செருப்புத் தேய்ந்திருந்தது.

"நான் உயிரோட இருக்கேன்னு ஒரு கையெழுத்துப் போடும்மா."

"நான் போடக்கூடாது தாத்தா. நான் கலெக்டர் இல்ல."

"ஆவப்போறியே. இப்பவே போட்டா இன்னா? நான் அதுவரைக்கும் இருப்பனோ இல்லியோ."

அவரை அனுப்ப வேறு வழி தெரியாமல் செல்வி ஒரு தாள் எடுத்து, அதிகாரிக்கு ஒரு மனு எழுதிக் கொடுத்தாள். அங்கேதான் பிடித்தது சனி. பத்து நாளில் யாகப்பனுக்குச் சான்றிதழ் கிடைத்துவிட்டது. மனுவைப் பார்த்தா, கிழவரின் தொல்லை தாங்காமலா என்று யாருக்குத் தெரியும்? கலெக்டரம்மா கைபட்டால் காரியம் நடக்கிறது என்று ஊர் முடிவுகட்டியது.

அதற்குப் பிறகு வாசல் ஓயவில்லை. பட்டா மாறவில்லை, விதவைப் பென்ஷன் வரவில்லை, பக்கத்து வயல்காரன் வரப்பை நகர்த்திவிட்டான் என்று காலையில் இருந்தே ஆள் நின்றது. இன்னாசி உற்சாகம் தாங்காமல் கோயிலில் கழித்துப் போட்டிருந்த பழைய பெஞ்சு ஒன்றைச் சாமியாரிடம் கேட்டு வாங்கி வந்து வேப்பமரத்தடியில் போட்டார். முழங்கால் போடுகிற பலகையோடு கூடிய பெஞ்சு. பழக்கதோஷத்தில் ஒரு கிழவி அதில் முழங்காலிட்டபடியே தன் ரேஷன் கார்டு கதையைச் சொல்லி முடித்தாள். வந்தவர்களுக்குக் காப்பி போட்டுப் போட்டு அம்மா மதலேனாளுக்குக் கை அசந்தது. "பாலு ஊத்தறவனுக்கும் ஒரு மனு எழுதிக் குடு, அதிகமா ஊத்தச் சொல்லி" என்று அடுப்படியிலிருந்து முணுமுணுத்தாள்.

படிக்க இடம் தேடிச் செல்வி கல்லறைத் தோட்டத்துக்குப் போனாள். அங்கே பேச ஆளிருக்காது. இரண்டு நாள் நன்றாகத்தான் போனது. மூன்றாம் நாள் அந்தோணி மேரி வந்தாள். தன் புருஷன் கல்லறை முன்னால் சிலுவை அடையாளம் போட்டு ஒரு செபம் சொன்னாள். முடித்த கையோடு திரும்பி, "இவரு பேர்ல இருக்கற மனைய எம் பேருக்கு மாத்தணும்மா" என்றாள். செல்வி புத்தகத்தை மூடினாள். அழுகை வரும் போலிருந்தது. அதற்கும் தெம்பு இல்லை.

துரத்தியிருக்கலாம். ஏன் துரத்தவில்லை என்று கேட்டால் அவளிடம் நேரான பதில் கிடையாது. வில்லியனூர் பஸ்ஸில் கண்டக்டர் ஒரு ஆளை எழுப்பிவிட்டு "உக்காருங்கம்மா" என்றபோது அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது நிஜம். இருபத்தேழு வயசுவரை கல்யாணம் ஆகாமல் அப்பன் சோற்றைத் தின்றுகொண்டு பேப்பர் படிக்கிற பெண் என்றுதான் அதுவரை அவளுக்குப் பெயர்.

ஒருநாள் விளக்கு வைக்கிற நேரத்தில் அப்பாவிடம் வெடித்தாள்.

"சாமியார்கிட்ட போயி மாத்திச் சொல்லச் சொல்லுப்பா. கலெக்டர் ஆவலன்னு. என்னால முடியல. ஒரு பக்கம் முழுசாப் படிக்க முடியல."

இன்னாசி துண்டை உதறி மறுபடியும் தோளில் போட்டுக்கொண்டார். "சாமிக்கு நன்றின்னு குடுத்தத எப்பிடிம்மா திருப்பி வாங்கறது?" என்றார். பிறகு வேறு பக்கம் பார்த்துக்கொண்டு, "ஆறு வருசமா டீக்கடைப் பக்கம் போவாம இருந்தேன். இன்னா இன்னாசி, பொண்ணு எப்பக் கலெக்டரு ஆவும்னு நக்கலடிப்பானுங்க. இப்ப எழுந்து எடம் குடுக்கறானுங்க. இன்னும் கொஞ்ச நாளு போவட்டும்" என்றார்.

அவளுக்குக் கோபம் அப்படியே இருந்தது. ஆனால் அதை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. உள்ளே போய் நில வருவாய்ச் சட்டத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினாள். நாலு வரிக்குள் தூங்கிப் போனாள்.

மெட்ராஸ் பரீட்சை மண்டபத்தில் அவள் தமிழிலேயே எழுதினாள். அதுவரை படித்ததெல்லாம் தலைக்குள் குவியலாகக் கிடந்தது. எதை இழுத்தாலும் வேறொன்று கூடவே வந்தது. பொது அறிவுத் தாளில் நிலச் சீர்திருத்தம் பற்றிக் கேட்டிருந்தார்கள். வரப்பு, பட்டா, வாரிசு என்று தண்ணீர் பட்ட பாடாகப் பழகிய விஷயம். பேனா நிற்காமல் ஓடியது. எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது கடைசி வரி இப்படி இருந்தது: "ஆகவே தாங்கள் பெரிய மனது வைத்து, ஏழை எளிய எங்கள்மீது இரக்கம் காட்ட வேண்டுமாய்த் தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்."

சிரிப்பு வந்தது. மேலேயும் பார்த்தாள். பதில் முழுவதுமே மனுவாக இருந்தது. கடைசி வரியையாவது அடிப்பதற்குள் மணி அடித்துவிட்டது.

சித்திரையில் முடிவு வந்தது. வில்லியனூர் படிப்பகத்தில் பேப்பரை விரித்து எண்களைப் பார்த்தாள், மறுபடி பார்த்தாள். அவள் எண் இல்லை. பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் வெயிலில் நடந்தே வீட்டுக்கு வந்தாள். இன்னாசி அவள் முகத்தைப் பார்த்ததும் தெரிந்துகொண்டார்.

"ஊர்ல சொல்ல வேணாம்மா" என்றார். "கேட்டா, டெல்லியில இருந்து இன்னும் தாக்கீது வரலன்னு சொல்லிக்கலாம். கொஞ்சம் கொஞ்சமா மறந்துடுவாங்க."

அவள் முகம் கழுவிக்கொண்டு சாமியார் வீட்டுக்குப் போனாள். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் ஒரு கருத்துப் படிக்க வேண்டும் என்றாள். விஷயத்தைக் கேட்டுச் சாமியார் சங்கடப்பட்டார்.

"இத எந்தக் கணக்குலம்மா போடறது? வேண்டுதலா, நன்றியா, இறந்தவங்களுக்கா?"

செல்வி யோசித்தாள். "நன்றின்னே போடுங்க சாமி. பரீட்சை முடிஞ்சுபோச்சே, அதுக்கு."

ஞாயிற்றுக்கிழமை சாமியார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "ஆரோக்கிய செல்வி கலெக்டர் பரீட்சையில் தேறவில்லை. பரீட்சை எல்லாம் முடிவடைந்ததற்காக ஆண்டவருக்கு நன்றியாக, ஆரோக்கிய செல்வி." கோயிலில் விசிறி மட்டைகள் நின்றன. ஆண்கள் பக்கத்தில் இன்னாசி குனிந்த தலையை, எல்லோரும் எழுந்து நின்றபோதும் நிமிர்த்தவில்லை. அதைப் பார்த்த செல்வி முந்தானையை இன்னும் இழுத்து மூடிக்கொண்டாள்.

வெளியே யாரும் அவளைச் சூழவில்லை. விலகி வழிவிட்டார்கள். சொல்தா யாகப்பன் மட்டும் தடியை ஊன்றிக்கொண்டு கிட்டே வந்தார். அவர் முகத்தில் நிஜமான கவலை இருந்தது.

"அப்ப எனக்கு நீ எழுதுனது செல்லாதா?"

"செல்லும் தாத்தா. நீங்க உயிரோடதான் இருக்கீங்க" என்றாள்.

திங்கட்கிழமை விடிந்து வெயில் ஏறியது. வேப்பமரத்தடிப் பெஞ்சில் யாரும் இல்லை. அந்தோணி மேரி வாசல் வழியாகப் போனவள், ஏதோ அவசரம் இருப்பது போலக் குடத்தைப் பார்த்துக்கொண்டே போனாள். மதலேனாள் பழக்கத்தில் நிறையக் காப்பி போட்டுவிட்டு, பாத்திரத்தைப் பார்த்தபடி நின்றாள். பால்காரன் மணி தெருக்கோடி வரைக்கும் கேட்டது.

இன்னாசி வயலுக்குப் போகவில்லை. பெஞ்சில் போய் உட்கார்ந்தார். செல்வி அவருக்குக் காப்பி கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு பேரும் காலி வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"ஒருத்தரும் வரலியே" என்றார் இன்னாசி.

"ஆமாம்பா" என்றாள் செல்வி. "இன்னிக்கித்தான் படிக்கத் தோதா இருக்குது."

இன்னாசி துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவர் கையில் சாய்ந்த டம்ளரை அவள் வாங்கிக் கீழே வைத்தாள்.