பாப்கார்ன் எண்ணெய்

...பாப்கார்ன் உப்பு போடாதது வேண்டும் என்று தெளிவாகத்தான் சொன்னாய், வந்ததும் உப்பில்லாததுதான், எண்ணெய் மாதிரியே மிதக்கும், அலை போகிற பக்கம் போகும், மீன் தின்றாலும் கெடுதலில்லை, எல்லாவற்றையும் யோசித்தாயே இங்வில், நார்வேயின் வடகோடியில் இந்த வார்டோவிலேயே பிறந்து வளர்ந்தவளுக்குக் கடற்காகம் மட்டும் எப்படி ஞாபகம் வராமல் போயிற்று... பாரென்ட்ஸ் கடலில் எண்ணெய்க் கப்பல் உடைந்ததாக இங்வில் நடத்தும் ஒத்திகை, எண்ணெய்க்குப் பதில் சாக்குச் சாக்காகப் பாப்கார்ன், படகுகள் மிதவை வேலியை இழுத்து அதை வளைத்துப் பிடிக்க வேண்டும், பக்கத்தில் ஆஸ்லோவிலிருந்து வந்த அதிகாரி மாரித், புது ரப்பர் பூட்ஸ், ஒத்திகை சொதப்பினால் வேலியையும் படகுகளையும் இவள் தெற்கே அனுப்பிவிடுவாள், பிறகு நிஜக் கப்பல் உடைந்தால் கரண்டியால் அள்ள வேண்டியதுதான்... இந்த நேரம் பார்த்து வாக்கிடாக்கியில் படகோட்டி தூர்ஃபின்.

"ஏம்மா, எண்ணெயைக் காணோமே."

"காணோம்னா?"

"பாதியப் பறவை தின்னுடுச்சு. மீதியத் தின்னுட்டிருக்கு."

"விரட்டுங்கண்ணே."

"துடுப்பை ஆட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். ஒண்ணுகூட மதிக்க மாட்டேங்குது."

மாரித் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, பரவாயில்லையே, கடல் அதுக்குள்ள சுத்தமாயிடுச்சே என்கிறாள், நக்கலா நிஜமா, தெற்கத்தி முகத்தில் ஒன்றும் தெரியவில்லை, ஆமாங்க என்று சொல்லிவிட்டால் என்ன, வேலி தப்பிக்கும், பொய்தான், ஆனால் சின்னப் பொய், வாயைத் திறக்கிறாள், அதற்குள் வாக்கிடாக்கி துறைமுகம் முழுக்கக் கேட்கும்படி, "எண்ணெய் மொத்தமும் அதுங்க வயித்துலதாம்மா இருக்கு, பிடிச்சுப் பிழியவா?" என்று... மாரித் குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், இங்வில்லும் சிரித்தாள், வேறென்ன செய்ய. நிமிர்ந்த மாரித், "வேலி இங்கேயே இருக்கட்டும். ஆமா, பறவையை விரட்ட என்ன வச்சிருக்கீங்க?" என்றாள்.

"தூர்ஃபின் அண்ணன்தாங்க."

மறுபடி சிரிப்பு. வேலி நிலைத்துவிட்டது, நிம்மதியாக இருக்க வேண்டும், இருந்தது, நிஜ எண்ணெய் நாறும், பறவை அதனிடம் வராது... வராதா? மேலிருந்து பார்த்தால் எண்ணெய் அலையடங்கிய தண்ணீராகத்தானே தெரியும், இந்தக் காற்றில் அலையில்லாத இடத்தைப் பார்த்தால் எது இறங்காது? அங்கே தூர்ஃபின் தொண்டை வறளக் கத்திக்கொண்டிருந்தார், ஒரு கடற்காகம் அவர் துடுப்பின் நுனியிலேயே வந்து உட்கார்ந்தது.