உச்சிக்குச் சற்று வலப்புறம்

பார்லர்க்காரி சுதாஜினியின் சீப்பு எந்த இடத்தில் நின்றதென்று கண்ணாடியைப் பார்க்காமலே யதுர்ஷிகாவுக்குத் தெரிந்தது. உச்சிக்குச் சற்று வலப்புறம், ஐந்து ரூபாய் நாணயக் குற்றி அளவில் முடி முளைக்காத தழும்பு. எட்டு வயதில், கடைசி யுத்தத்தின்போது மாத்தளனில், அப்பாவைக் கொண்டுபோன அதே செல் குண்டின் பீஸ் ஒன்று அவள் தலைக்குள்ளும் புகுந்தது. எடுக்கப்போனால் உயிருக்கு ஆபத்து, கிடக்கட்டும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பதினைந்து வருடங்களாக அந்த இடத்தை மூடிவைத்திருப்பது அவளுடைய முடிதான். சொல்வழி கேளாத சுருட்டை முடி. மாரி தொடங்கினால் பொங்கி, நாலு பேரின் முடியை ஒரு தலையில் வைத்ததுபோல நிற்கும். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் குருவிக்கூடு என்று கூப்பிட்டார்கள். அம்மா கமலாசனி மட்டும் ஒருநாளும் அந்த முடியைக் குறை சொன்னதில்லை.

பின்னால் கதிரையில் தேனுகா இருந்தாள். மாப்பிள்ளை நிருஷனின் அக்கா. தம்பியின் கல்யாணத்துக்காகப் பத்து நாளைக்கு முன் அவனோடு சுவிஸிலிருந்து வந்தவள். கையோடு சுருட்டையை நேராக்கும் மருந்துக் கிறீமும் கொண்டுவந்திருந்தாள். துணுக்காயிலிருந்து பெண்ணை வாடகை வான் ஒன்றில் ஏற்றி, கிளிநொச்சியில் இந்தப் பார்லருக்குக் கூட்டிவந்தவளும் அவள்தான். நாளை மறுதினம் வெள்ளிக்கிழமை கல்யாணம்.

"நல்லாப் படிய இழுத்து நீட்டிவிடுங்கோ. நடு உச்சி பிரிக்கோணும். வீடியோவில தலை சின்னனாத் தெரியட்டும்," என்றாள் தேனுகா, போனிலிருந்து கண்ணை எடுக்காமல்.

படிய இழுத்தால் எல்லாம் முடிந்தது. போன வருடம் கனடாச் சம்பந்தம் ஒன்று பொருந்தி வந்தபோது கமலாசனி மனம் கேளாமல் உண்மையைச் சொன்னாள். நாலாம் நாள், 'வலிப்புக் கிலிப்பு வந்தால் ஆர் பார்க்கிறது' என்று பதில் வந்தது. அதனால் இந்த முறை தரகர் மயில்வாகனம் வாயே திறக்கக் கூடாதென்று சொல்லிவிட்டார். நிருஷனோ நல்லவன். அதுதான் அவளுக்குப் பெரிய கரைச்சல். ஒவ்வொரு நாளும் போனில், "ஒண்டு சொல்லோணும்" என்று தொடங்குவாள். அவன் "என்ன?" என்பான். "சாப்பிட்டிட்டீங்களோ?" என்று முடித்துவிடுவாள். அப்படி முடித்த பிறகு தன்மேலேயே அவளுக்கு வெறுப்பாக வரும்.

கண்ணாடியில் சுதாஜினியின் கண்கள் ஒரு கணம் அவளைப் பார்த்தன. கிளிநொச்சியில் பார்லர் நடத்துகிறவளுக்கு இப்படியொரு தலை புதிதல்ல. சீப்பு ஓர் அங்குலம் தள்ளிப்போனது. எடுத்த முடி திரும்பவும் தழும்பின்மேல் விழுந்தது.

"அக்கா, இந்தக் கிறீம் இப்ப போடேலாது. வெள்ளிக்கிழமை விடிய தலையில பாலும் அறுகம்புல்லும் வைச்சுத் தோய வாப்பினமெல்லோ? இது போட்டா மூண்டு நாளைக்குத் தண்ணி படக்கூடாது."

"அப்ப இந்தக் காட்டை என்ன செய்யிறது?"

"வழிக்குக் கொண்டந்தாக் காணும். அடர்த்தி குறையாமலே அடக்கித் தாறன்."

சுதாஜினி தலையைக் கழுவி, ஈரம் சொட்டச் சொட்டவே அகலப் பல் சீப்பால் நுனியிலிருந்து மேலே சிக்கெடுத்தாள். துவாயால் உரசினால் முடி சிலிர்த்துவிடும் என்று பழைய பருத்தி ரீ-சேர்ட் ஒன்றால் ஒற்றினாள். சின்னச் சின்னப் பிரிவாக எடுத்து ஜெல் தடவி, கைக்குள் கசக்கிக் கசக்கி விட்டாள். அடிமுடிக்குக் கிளிப் குத்தித் தூக்கி வைத்து, ட்ரையரின் வாயில் துளைகள் கொண்ட அகன்ற மூடியைப் பூட்டி மெல்லிய சூட்டில் காயவைத்தாள். இரண்டு மணித்தியாலம் போனது. கிளிப்புகளைக் கழற்றியபோது ஒரு பிசிறு கிளம்பவில்லை. சுருள்கள் ஒன்றையொன்று தாங்கிக்கொண்டு தோள்வரை நிறைந்து நின்றன. உச்சி வகிடு இடப்பக்கமாக ஒதுங்கியிருந்தது. தன் முடி இவ்வளவு வடிவென்று யதுர்ஷிகாவுக்கு இத்தனை வருடமும் தெரியாது. அழுகை வரப் பார்த்தது.

தேனுகாகூட எழுந்து வந்து சுற்றிப் பார்த்தாள். "பரவாயில்லையே! வெள்ளிக்கிழமை தோய வாத்தாப்பிறகும் இப்பிடியே செய்துவிடுவீங்கள்தானே?"

"ஓம் அக்கா, விடிய வந்திடுவன்."

"பிறகென்ன. யது, உமக்குத் தெரியுமே? முதல் பால் வைக்கிறது நான்தான். உங்கட அம்மா காலமை போன் பண்ணிக் கேட்டவா."

யதுர்ஷிகா உச்சிக்குப் போன கையை இறக்கி மடியில் வைத்தாள். அம்மாவைக் குற்றம் சொல்லவும் முடியாது. பாலறுகு வைக்கத் தாலியோடு ஒருத்தி வேண்டும். அம்மாவின் பக்கத்தில் பெரியம்மா, சின்னம்மா, மாமி என்று எத்தனை பேரை எண்ணினாலும், தாலியோடு ஒருத்தியும் மிஞ்சவில்லை. மாப்பிள்ளையின் அக்காவைக் கேட்டால் மரியாதையாகவும் இருக்கும் என்று அம்மா நினைத்திருப்பாள். மகளின் கல்யாண அவதியில் மகளின் தலையை மறந்துவிட்டாள்.

"அறுகம்புல்லால தொட்டு வைச்சாக் காணும் என்ன, அக்கா?" என்றாள் சுதாஜினி, சீப்பைத் துடைத்தபடி.

"சீச்சீ. எங்கட வீட்டில நல்லா உச்சியில தேய்ச்சுத்தான் வாக்கிறது."

வெள்ளிக்கிழமை விடிய, வீட்டு வளவில் பலகை போட்டு யதுர்ஷிகாவைக் கிழக்குப் பார்க்க இருத்தினார்கள். கமலாசனி கிட்ட வரவில்லை. துவாயை நெஞ்சோடு பிடித்தபடி குசினி வாசலில் நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும், அம்மாவுக்கும் இப்போது விளங்கிவிட்டது என்று யதுர்ஷிகாவுக்குத் தெரிந்தது. இனி எந்தச் சாட்டுச் சொல்லியும் எழும்ப முடியாது.

தேனுகா அறுகைத் தோய்த்து வைத்தாள். பிறகு செம்பைச் சரித்தாள். குளிர்ந்த பால் உச்சியில் விழுந்து எல்லாப் பக்கமும் ஓடியது. மாரிக்கும் அடங்காத முடி பாலில் நனைந்து தலையோடு ஒட்டிப்போனது. தேனுகாவின் விரல்கள் தேய்க்கத் தொடங்கின. மணவறைப் பூ இன்னும் வந்து சேரவில்லையாம், ஐயர் நேரத்துக்கு வந்துவிடுவாராம் என்று அவள் கதைத்துக்கொண்டே தேய்த்தாள்.

"வான்காரனும் இன்னும்..."

கதை நின்றது. ஒரு விரல் மட்டும் தழும்பின் விளிம்பை மெல்ல ஒருதரம் சுற்றி வந்தது.

"மச்சாள்..." என்றாள் யதுர்ஷிகா.

விரல் தழும்பின்மேலேயே நின்றது. பால் இமைகளில் வழிந்து எரிந்ததில் அவளால் கண்ணைத் திறந்து அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. சரிந்த செம்பிலிருந்து மிச்சப் பால் பலகையில் சொட்டுச் சொட்டாக விழும் சத்தம் மட்டும் கேட்டது.