மூடி திறக்கும் முன் ஒரு கேள்வி

பிப்ரவரி மாதத்துக்குக் குளிர்தான் மரியாதை. அந்த வருடம் அதற்கு என்ன வந்ததோ, மே மாதம் போல வெயில் காய்ந்தது. கூரைப்பனி சொட்டுச் சொட்டாக உருகியது. ஊரே குல்லாவைக் கழற்றிவிட்டுச் சிரித்துக்கொண்டு திரிந்தது. அந்த வெயிலைத்தான் மார்செலே இன்றைக்கும் வாய் ஓயாமல் சபிக்கிறாள். அது அவளுக்கு இரண்டு கேடு செய்தது. ஏரியில் உறைந்திருந்த பனியை அடியிலிருந்து அரித்து, மீன் பிடிக்கப் போன அவள் கணவன் இக்னாஸை உள்ளே வாங்கிக்கொண்டது. தோட்டத்துப் பெட்டிகளுக்குள் சுருண்டு கிடந்த தேனீக்களை, வசந்தம் வந்துவிட்டது என்று ஏமாற்றி எழுப்பிவிட்டது.

எழுந்த தேனீ சும்மா இருக்குமா? ராணி முட்டையிடத் தொடங்கினாள். குஞ்சுகளுக்குச் சூடு கொடுக்க வேண்டுமே என்று, ஏப்ரல் முடியத் தாங்க வேண்டிய தேனை எல்லாம் வாரித் தின்றார்கள். பிறகு மார்ச் வந்தது. போன குளிர் வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

இக்னாஸ் விட்டுப்போனது மூன்று பெட்டிகள். விரலை மடக்கிப் பெட்டியில் ஒரு தட்டுத் தட்டிக் காதை வைத்தால், நன்றாக இருக்கிற குடும்பம் 'ம்' என்று ஒரு குரல் கொடுத்துவிட்டு அடங்கிவிடும். இரண்டு பெட்டிகளில் அந்தக் குரல் நின்றுபோனது. எங்கள் பக்கத்தில் தேனீ செத்தது என்று யாரும் சொல்ல மாட்டோம். ஆடு சாகும், நாய் சாகும். மனிதரும் தேனீயும்தான் காலமாவார்கள். மார்செலே இரண்டு பெட்டியில் கிடந்தவர்களையும் ஒரு துணியில் தட்டி, வேலியோரத்து மரத்தடியில் மண் கொஞ்சம் இளகியிருந்த இடமாகப் பார்த்துத் தோண்டிப் புதைத்தாள். கணவனைப் புதைத்த அன்று அழாதவள் அன்றைக்கு அழுதாள்.

மூன்றாவது பெட்டியில் உயிர் இருந்தது. ஆனால் தட்டினால் 'ம்' வரவில்லை. காய்ந்த சருகில் யாரோ நடப்பது போல மெல்லிய சரசரப்பு, நெடுநேரம் அடங்காமல் வந்தது. இருபது வருடம் இக்னாஸின் பக்கத்தில், தேனீயை அடக்கும் புகைக்குடுவையைப் பிடித்துக்கொண்டு நின்றவளுக்கு அந்தச் சத்தம் தெரியாதா என்ன? அது பசியின் சத்தம். பெட்டியின் பின்பக்கத்தை ஒரு கையால் தூக்கிப் பார்த்தாள். வெறுங்கூடை போல எழும்பி வந்தது.

சர்க்கரைப் பாகு காய்ச்சி வாசலில் வைத்தாள். அந்தக் குளிரில் ஒன்று கூட இறங்கி வரவில்லை. ஒன்றோடொன்று ஒட்டிப் பந்தாகச் சுருண்டு கிடப்பவர்கள், கைக்கெட்டும் தூரத்தில் சாப்பாடு இருந்தாலும் பந்தைவிட்டு நகர மாட்டார்கள். நகர்ந்தால் விறைத்துப்போவார்கள். அவர்கள் தலைமேல் கொண்டுபோய் வைத்தால்தான் உண்டு. அதற்கு மூடியைத் திறக்க வேண்டும். குளிரில் திறந்தாலோ, உள்ளே சேர்த்து வைத்த சூடு ஒரே மூச்சில் போய்விடும், குஞ்சுகள் விறைத்துவிடும். திறந்தாலும் சாவு, திறக்காவிட்டாலும் சாவு. இதில் எதை என்று அவள் முடிவு செய்வாள்?

வருடத்தின் முதல் திறப்புக்கு இக்னாஸ் ஒரு கணக்கு வைத்திருந்தான். மேல்கோட்டைக் கழற்றிவிட்டுச் சட்டையோடு பெட்டிகளுக்கு நடுவே வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்காருவான். ஒரு சிகரெட்டை நடுங்காமல் புகைத்து முடித்தால் திறக்கலாம். முடியாவிட்டால் நாளைக்குப் பார்க்கலாம். ஜன்னலோரம் அவன் விட்டுப்போன சிகரெட் பெட்டி அப்படியே கிடந்தது. ஜென்மத்தில் புகைக்காத மார்செலே அதை எடுத்துக்கொண்டு வாளியில் போய் உட்கார்ந்தாள். பாதி சிகரெட்டிலேயே பல் கிட்டியது. மறுநாளும் போய் உட்கார்ந்தாள். அதற்கு மறுநாள் பனி கொட்டியது.

பொறுக்க மாட்டாமல், ஒரு மதியம் வெயில் எட்டிப் பார்த்த நேரத்தில், சர்க்கரை உருண்டையைக் கையில் வைத்துக்கொண்டு அவளே மூடியை நெம்பினாள். பிசின் பிடித்துக் கிடந்த மூடி படீரென்று விட்டது. பெட்டி ஆடி, ஒரு கைப்பிடித் தேனீ வெளியே தெறித்துப் பனியில் விழுந்தது. அவள் பதறி மூடியை அழுத்திச் சாத்துவதற்குள், விழுந்தவை எல்லாம் சுருண்டு அடங்கிவிட்டன. உருண்டை அவள் கையிலேயே இருந்தது.

"நீ பாட்டுக்குப் போயிட்டே. நான் என்ன பண்ணுவேன்?" என்று வாளியைப் பார்த்துக் கேட்டாள். "இதுங்களையாவது கூட்டிட்டுப் போயிருக்கலாம்ல?"

இனி ஒரே ஆள்தான். அந்தப் பெயரை நினைக்கவே அவளுக்கு வயிறு எரிந்தது.

ஊரின் மறுகோடியில் இருக்கும் ரபோலாஸ் அவர்களுக்குத் தேனீச் சம்பந்தி. எங்களிடம் தேனீயை விற்பதும் இல்லை, வாங்குவதும் இல்லை. உன் மரத்துக் கூட்டத்தை நான் என் பெட்டியில் ஏற்றினால், பெண் கொடுத்துப் பெண் எடுத்த மாதிரி, இரண்டு வீடும் அன்றிலிருந்து உறவு. ரபோலாஸ் வீட்டு லிண்டன் மரத்திலிருந்து வந்த கூட்டத்தின் வாரிசுகள்தான் இக்னாஸின் பெட்டிகளில் இருந்தவை எல்லாம். வசந்தத்தில் முதல்முறை திறக்கும்போது இரண்டு வீட்டாரும் பெட்டியருகே நிற்க வேண்டும். கொடுத்தவன் கேட்பான்: மனசுல ஏதாச்சும் இருக்கா? வாங்கியவன் சொல்வான்: ஒண்ணுமில்ல. அதற்குப் பிறகுதான் மூடியில் கை வைப்பார்கள். வன்மத்தோடு திறந்த பெட்டியில் தேனீ தங்காது என்பது எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். இக்னாஸ் இருந்தவரை அது ஒரு வேடிக்கை. உன் பெண்டாட்டி சுட்ட கேக்கைத் தவிர வேறொன்றும் இல்லை என்பான். அதற்கு ரபோலாஸின் மனைவி விரட்டிக்கொண்டு வருவாள்.

அந்த ரபோலாஸ்தான் பிப்ரவரியில் ஏரிப்பனியில் துளை போட்டு, கையை விட்டு அளந்து பார்த்துவிட்டு, இன்னும் ஒரு வாரம் தாங்கும் என்று சொன்னவன். அவன் பேச்சுக்கு ஏரிக்கரை முழுக்க மதிப்பு. பனியோ, மழையோ, பெட்டி திறக்கிற நாளோ, அவனைக் கேட்காமல் யாரும் ஒன்றும் செய்ய மாட்டார்கள். அவனை நம்பி அவனோடு இக்னாஸ் மீன் பிடிக்கப் போனான். பனி உடைந்து இரண்டு பேரும் விழுந்தார்கள். ஒருவன் மட்டும் கரையேறினான். கல்லறைத் தோட்டத்தில், பாதிரியார் ஜெபம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, நீங்கள் மட்டும் எப்படி வந்தீர்கள் என்று எல்லார் முன்னாலும் மார்செலே அவனைக் கேட்டாள். அன்றிலிருந்து அவன் இவள் வீட்டுப் பக்கம் வராமல் சுற்றுவழியில் போய்வந்தான்.

ரபோலாஸின் மனைவி ஓனுதே வேலியைத் தாண்டிப் போகும்போது மார்செலே கூப்பிட்டாள்.

"அக்கா, அவரை வரச் சொல்லுங்க," என்றாள். "எனக்காக இல்ல. பெட்டிக்காக."

ஓனுதே முகத்தைத் துடைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

மறுநாள் மதியம் ரபோலாஸ் வந்தான். இரண்டு மாதத்தில் ஆள் பாதியாகிவிட்டிருந்தான். மேல்கோட்டுக்குள் எதையோ நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நடந்துவந்தான். பொத்தானைக் கழற்றிக் காட்டியபோதுதான் தெரிந்தது: தன் பெட்டியிலிருந்து எடுத்த, தேன் நிறைந்த அடையோடு ஒரு மரச்சட்டம். துணியில் சுற்றி, குளிர் படாமல், உடம்புச் சூட்டிலேயே வைத்துக் கொண்டுவந்திருக்கிறான். மார்செலே அதைப் பார்த்தாள், அவன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏரிப்பக்கமிருந்து காற்று வந்துகொண்டிருந்தது. வெயில் இருந்தது, ஆனால் உறைக்கவில்லை. பெட்டியருகே போய் நின்றார்கள்.

"இன்னிக்குத் திறக்கலாமா?" என்று கேட்டாள்.

ரபோலாஸ் வானத்தைப் பார்த்தான். காற்று வந்த திக்கைப் பார்த்தான்.

"என்னைக் கேக்காதீங்க சம்பந்தியம்மா. அன்னிக்கும் நல்லாப் பாத்துட்டுத்தான் சொன்னேன்."

அவளுக்குக் கோபம் தலைக்கு ஏறியது. வீம்பை எல்லாம் விழுங்கி இவனைக் கூப்பிட்டதே அந்த ஒரு வார்த்தைக்காகத்தான். அந்த வார்த்தையும் ஏரிக்குள்ளேயே போய்விட்டதா? இவனை அடிக்கலாமா என்று கூட அவளுக்குத் தோன்றியது. கை வேறெங்கும் போகாமல் பெட்டியில் போய்த் தட்டியது. காதை வைத்தாள். சருகுச் சத்தம் நேற்றைக்கு இருந்ததில் பாதிதான் இருந்தது.

நாளைக்கு என்று ஒன்று இந்தப் பெட்டிக்கு இல்லை. அது யாரும் சொல்லாமலே அவளுக்கு விளங்கிவிட்டது.

"இப்பவே திறக்கணும்," என்றாள்.

ரபோலாஸ் தலையாட்டினான். ஆனால் கையை மூடிக்குக் கொண்டுபோகவில்லை. கேட்டாக வேண்டிய கேள்வி ஒன்று இருந்தது. கேட்காமல் திறக்க அவன் கைக்குப் பழக்கமில்லை. கீழே பார்த்துக்கொண்டு, குரலே எழும்பாமல் கேட்டான்.

"மனசுல ஏதாச்சும் இருக்கா?"

ஒண்ணுமில்ல என்று சொல்லிவிடலாம். ஒரு வார்த்தைதானே. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. பெட்டிக்குள் பசியோடு கிடப்பவர்களை நினைத்தாள். தண்ணீரிலிருந்து எடுத்துக் கிடத்தியபோது நீலம் பாரித்துப்போயிருந்த இக்னாஸின் உதட்டை நினைத்தாள்.

"இருக்கு," என்றாள். "நான் சாகுற வரைக்கும் இருக்கும். திறங்க."

அவன் நிமிர்ந்து பார்த்தான். "அப்படின்னா திறக்கக் கூடாதே."

"தெரியும். பொய் சொல்லித் திறந்தா மட்டும் அதுங்களுக்குத் தெரியாதா? பசியில கிடக்குதுங்க. திறங்க."

அவள் புகைக்குடுவையை இரண்டே ஊதல் ஊதினாள். அவன் உளியைச் சந்தில் விட்டு, சத்தமே வராமல் மூடியை எடுத்தான். உள்ளே, நடுச் சட்டங்களுக்கு இடையில், ஒரு கைமுட்டி அளவு பந்து. அவ்வளவுதான் மிச்சம். ஓரத்தில் காலி அறைகளுக்குள் தலையை விட்டபடியே விறைத்துக் கிடந்தவை ஏராளம். கடைசிச் சொட்டைத் தேடிப் போனவை அவை. மார்செலே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

காலிச் சட்டத்தை உருவிவிட்டு, நெஞ்சுச் சூட்டிலிருந்த சட்டத்தை அவன் பந்துக்கு ஒட்டினாற்போல இறக்கினான். மேலே மூடியிருந்த மெழுகைக் கட்டைவிரலால் கீறிவிட்டான். தேன் கசிந்தது. முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு ஒரு தேனீ நாக்கை நீட்டியது. பக்கத்தில் இன்னொன்று. ராணி இருக்கிறாளா என்று பார்க்க மார்செலேவுக்கு உயிர் துடித்தது. இந்தக் குளிரில் தேடினால் தேடியே கொன்றுவிடுவோம் என்று அவளுக்கே தெரியும். கேட்காமல் விட்டாள்.

மூடி இறங்கும் நேரத்தில் ஒரு தேனீ எழுந்து வந்து ரபோலாஸின் மணிக்கட்டில் கொட்டியது. அவன் கையை இழுக்கவில்லை. மூடியை ஒழுங்காகப் பொருத்திவிட்டு, கொடுக்கைப் பிடுங்காமல் கையைப் பார்த்துக்கொண்டே நின்றான். கண் நிறைந்து வழிந்தது.

"அதுக்குத் தெரிஞ்சுபோச்சு," என்றான்.

மார்செலே அவன் கையைப் பிடித்து இழுத்து, நகத்தால் கொடுக்கைச் சுரண்டி எறிந்தாள். இருபது வருடம் இக்னாஸுக்குச் செய்த பழக்கம். யார் கை என்று யோசிக்கும் முன்பே விரல் செய்துவிட்டது. தெரிந்ததும் கையை உதறி விட்டாள். குனிந்து பெட்டியில் காதை வைத்தாள். சத்தம் இருந்தது. பிழைக்குமா, பிழைக்காதா என்று அதை வைத்து யாராலும் சொல்ல முடியாது.

"உங்ககிட்டப் பேசிட்டேன்னு நெனைச்சுக்காதீங்க," என்றாள், காதை எடுக்காமலே. "நாளைக்கு இன்னொரு சட்டம் கொண்டாங்க."