முதல் வரிசைக் குடை

ஈஸ்டர் முடிந்த மறுவாரம் எர்சீலியா மோதேனாவிலிருந்து ரயிலேறி போர்த்தோ செரினோ என்ற கடலோர ஊரில் வந்து இறங்கினாள். கடற்கரையில் ஈ காக்கை இல்லை. தூறல் வேறு. வருடா வருடம் இந்த வாரத்தில் அவளும் கணவர் நெல்லோவும் வந்து, கோடை முழுக்க மணலில் உட்கார வாடகைக் குடையையும் நாற்காலிகளையும், அவற்றை வாடகைக்கு விடும் வால்தெரிடம் சொல்லிவைத்து, பொரித்த மீன் தின்றுவிட்டுத் திரும்புவார்கள். முதல் வரிசை, கடலைப் பார்த்த குடை. அந்த வரிசையில் இடம் கிடைப்பது லேசில்லை. யாராவது செத்தால்தான் உண்டு. இந்த முறை செத்தது நெல்லோ. பிப்ரவரியில் போய்விட்டார். அந்த இடமாவது கைவிட்டுப் போகக்கூடாது என்றுதான் அவள் ஓடி வந்திருந்தாள்.

வால்தெர் கொட்டகைக்குள் நாற்காலிகளுக்கு பெயின்ட் அடித்துக்கொண்டிருந்தான்.

"அதே இடம்டா வால்தெர். நாற்காலி ஒண்ணு போதும்."

அவன் நிமிரவில்லை. "அது போயிடுச்சும்மா. பெர்ராரா ஊர்க்காரங்க எடுத்துக்கிட்டாங்க. உங்களுக்கு மூணாவது வரிசையில போட்டிருக்கேன், அந்த பார்மா ஊர் அக்கா தங்கச்சி பக்கத்துல."

"அந்த வாயாடிங்க பக்கத்துலயா? அவர் மண்ணு இன்னும் காயல, அதுக்குள்ள தூக்கிக் குடுத்துட்டியா? உங்கப்பா இருந்தா உன்னைச் செருப்பால அடிச்சிருப்பார்."

"நானா குடுக்கலம்மா. உங்க வீட்டு ஐயாதான் விட்டுட்டார். போன ஆகஸ்ட்ல, நீங்க தண்ணியில இருந்தப்ப. 'அடுத்த வருஷம் நான் இருக்க மாட்டேன். அவளை அங்க தனியா கடலைப் பாத்து உக்கார விடாதே, பேச்சு சத்தம் இருக்கிற எடமா போடு'ன்னார். உங்ககிட்ட மூச்சு விடக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிக்கிட்டார்."

எர்சீலியா பெயின்ட் காயாத நாற்காலியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

போன ஜூனிலேயே டாக்டர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, நெல்லோ பிழைக்க மாட்டார் என்று சொல்லியிருந்தார். நோயாளியிடம் யார் சொல்வார்கள்? அவளும் சொல்லவில்லை. வெறும் வயிற்றுப்புண் என்று மகளையும் சொல்ல வைத்தாள். பாவி மனுஷன், எல்லாம் தெரிந்துகொண்டே 'கிறிஸ்துமஸுக்குள்ள தேறிடுவேன்' என்று அவரும் நடித்திருக்கிறார். கடைசி ராத்திரிகூட இருவரும் குளியலறைக் குழாய் ஒழுகுவதைப் பற்றித்தான் பேசினார்கள்.

வால்தெருக்குச் சங்கடமாகிவிட்டது. "வேணும்னா அந்த பெர்ராராக்காரங்ககிட்ட கேட்டு மாத்தித் தரேம்மா."

"உன்கிட்ட அழுதாராடா?"

"ம். கொஞ்ச நேரம்."

"என்கிட்ட அழல," என்றாள். "அழ நான் விடல."